கார்த்திகையில் பிடுங்கிய கடவாய்ப் பல்

நம் வயதுக்காரர்கள் எங்கே கூடினாலும் இப்போது உடம்பைப் பற்றித்தான் பேச்சு. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒருத்தி முழங்காலைச் சொல்வாள், இன்னொருத்தி சர்க்கரையைச் சொல்வாள். பல்லைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. பல் விழுவது ஏதோ மானக்கேடு மாதிரி, உதட்டை மூடிக்கொண்டு சிரித்துச் சமாளிக்கிறோம்.

போன மாதம் எனக்கு ஒரு கடவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி தெரியவில்லை. முடிந்ததும் நர்ஸ் பெண் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, "பஞ்ச நல்லா கடிச்சிக்கோங்கம்மா. எச்சில் துப்பாதீங்க, முழுங்கிடுங்க. இன்னிக்கு வாய் கொப்பளிக்க வேணாம். சூடா எதுவும் சாப்பிடாதீங்க, எதையும் உறிஞ்சிக் குடிக்காதீங்க. நாளைக்கு வேணா வெதுவெதுன்னு உப்புத் தண்ணி, அதுவும் மெதுவா" என்று சொன்னாள். கூட வந்திருந்த மகன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, அவனே சோற்றைக் குழைத்து, தயிர் விட்டுப் பிசைந்து, ஆறவைத்துக் கொண்டுவந்தான். கிண்ணத்தை வாங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறது என்று நினைத்து அவன் மாத்திரையைத் தேடிப் போனான்.

எனக்கு அம்மாவின் நினைவு வந்திருந்தது. என் மகனுக்கு அந்தக் கதை தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் அந்தக் காலத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தானே.

அப்போது எனக்குப் பதினோரு வயது. எங்கள் ஊரைத் தனி ஜில்லாவாகப் பிரித்த புதிது. அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். செங்கம் ரோட்டில் ஆசிரமங்களைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்பக்கம் கிணறு. கிணற்றடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் மலையை நின்று பார்ப்பதில்லை. துணி காயப்போடும்போது உச்சியில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான்.

அம்மா நிறையப் பேசுவாள், அதைவிட நிறையச் சிரிப்பாள். பால்காரர் எப்படிக் கணக்குச் சொல்வார், எதிர்வீட்டில் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் எப்படி "வனக்கம்" சொல்வார் என்று அந்தந்தக் குரலிலேயே செய்து காட்டுவாள். செய்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுசாகத் திறந்து சிரிப்பாள். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். அந்தச் சிரிப்பு சந்து முனை வரைக்கும் கேட்கும். அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, அது மட்டும் பிடிக்காது. "குடும்பப் பொம்பள இப்பிடியா சிரிப்பா" என்பாள்.

அத்தை கெட்டவள் அல்ல. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அப்பாவின் பெற்றோர் சீக்கிரமே போய்விட்டார்கள். அப்பாவைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியது அத்தைதான். செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வருஷா வருஷம் கார்த்திகைக்குக் கொடியேறினால் அரிசி மூட்டை, வேர்க்கடலை, கட்டுச்சோறு என்று எடுத்துக்கொண்டு, அவள் வீட்டு ஆட்கள், அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தீபம் முடியும் வரை வீடு அவள் கையில். திண்டாட்டம் எங்களுக்கு மட்டும் இல்லை. அந்தப் பத்து நாளும் ஊரில் எல்லா வீடும் சத்திரம்தான். மொட்டைமாடியில் படுப்பார்கள், நடையில் படுப்பார்கள், கிணற்றுத் தண்ணீர் சேறாகும் வரை இறைப்பார்கள். யாரும் குறை சொல்வதில்லை. சொன்னால் புண்ணியம் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த வருஷம் தீபாவளியிலிருந்தே அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் பல்வலி. கிராம்பை வைத்து அடைத்துப் பார்த்தாள். இரவெல்லாம் கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு கிடப்பாள். கொடியேறிய பிறகு ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது.

"டாக்டர்கிட்ட போயிட்டு வரேங்க" என்றாள் அம்மா.

"இப்பவா? எனக்குத் திருவிழா டூட்டி போட்டிருக்காங்க. அக்கா வேற இன்னிக்கு வந்துடுவாங்க. தீபம் முடியட்டுமே."

"தீபம் முடியட்டும்னு வலி காத்திருக்குமா?"

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் துணைக்குக் கூட்டிக்கொண்டாள்.

பல் டாக்டர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தார். கீழே பெரிய பலகையில் உடம்பில்லாத ஒரு வாய் மட்டும் வரைந்து, சிரிக்க விட்டிருந்தார்கள். மாடிப்படி ஏறும்போதே கிராம்பு எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். எனக்கு இன்றைக்கும் கிராம்பு போட்ட பிரியாணி இறங்காது. அம்மா திரைக்குப் பின்னால் போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, "அவ்ளோதாம்மா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்ததைக் கேட்டேன். அம்மாவின் சத்தமே இல்லை. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். ஒரு தட்டில் அந்தப் பல். இவ்வளவு பெரிய வேர் ஒரு பல்லுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நடுவில் கறுப்பாகக் குழி.

அம்மாவின் வாயில் பஞ்சு இருந்ததால் டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார். "வேர்ல சீழ் கட்டியிருந்துது. நீதான் வீட்ல சொல்லணும், சரியா? துப்பக் கூடாது. இன்னிக்குக் கொப்பளிக்கவே கூடாது. அந்தக் குழியில ரத்தம் உறைஞ்சு மூடணும், அது கலையாம பாத்துக்கணும். கன்னத்துல வெளிய ஐஸ் வையுங்க. மாத்திரைய நடுவுல நிறுத்தக் கூடாது. அடுப்புகிட்ட நிக்காம ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லு."

ரெஸ்ட் என்று கேட்டதும் அம்மா சிரித்தாள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே, கண்ணில் தண்ணீரோடு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்தால் அத்தை வந்து இறங்கியிருந்தாள். நடை முழுக்கப் பைகள், குழந்தைகள், கழற்றிப் போட்ட செருப்புகள். அம்மாவின் உதட்டோரத்தில் சிவப்பைப் பார்த்ததும் அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அய்யய்யோ, இன்னாம்மா இது? ரத்தத்த முழுங்கிகினு வரியா? துப்பு, துப்பு!"

"துப்பக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு அத்தை" என்றேன்.

"ரத்தத்த முழுங்கச் சொன்னானா ஒரு டாக்டரு? கெட்ட ரத்தம் வயித்துல போனா இன்னா ஆவும்? நீ போ அந்தாண்ட."

"கொப்பளிக்கவும் கூடாதாம்."

"எங்க மாமியாருக்கு மூணு பல்லு புடுங்கினப்ப நாந்தான் பாத்தேன். சூடா உப்புத் தண்ணி ஊத்தித்தான் ஆறுச்சு. நேத்துப் பொறந்தது, எனக்குச் சொல்ல வந்துட்டா."

அம்மா கையை ஆட்டி வேண்டாம் என்றாள். அத்தை அதைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. ஸ்டவ்வில் தண்ணீரைக் காய்ச்சி, கைநிறைய உப்பைப் போட்டு, தன் விரலை விட்டுச் சூடு பார்த்து, அம்மாவைக் கிணற்றடிக்கு நடத்திக்கொண்டு போனாள். தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், குழந்தையைப் பிடிப்பது மாதிரி. அம்மா முதலில் தயங்கினாள். வந்த முதல் நாளே எதற்கு வாக்குவாதம் என்று நினைத்தாளோ, வாங்கிக் கொப்பளித்தாள். சாக்கடைக் கல்லின் மேல் கறுஞ்சிவப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது.

"பாரு, பாரு. கெட்டது எல்லாம் எப்பிடி வருது பாரு" என்றாள் அத்தை. அவள் முகத்தில் உண்மையாகவே நிம்மதி இருந்தது. காயத்தின் மூடியைத்தான் துப்ப வைத்தோம் என்று அவளுக்கு யார் சொல்வது? சொன்னவள் பதினோரு வயதுப் பெண்.

நான் ஐஸ் வாங்க ஓடினேன். கார்த்திகைக் குளிரிலும் கூட்டத்தை நம்பி ரோட்டில் ஐஸ் வண்டி நிற்கும். மரப்பெட்டி, உள்ளே தெர்மாகோலும் சாக்கும். மூடியை டொப்பு டொப்பென்று தட்டித்தான் அவர் விற்பார். குச்சி ஐஸ் வேண்டாம், வெறும் ஐஸ்கட்டி வேண்டும் என்றதும் சிரித்துவிட்டு, பெட்டியின் மூலையிலிருந்து உடைத்து என் கைக்குட்டையில் போட்டார். விரல் விறைக்க ஓடிவந்தேன். அத்தை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாள்.

"பனி கொட்டுற மாசத்துல மூஞ்சில ஐஸா? ஜன்னி வந்து செத்தா யாரு பதில் சொல்றது?"

கட்டியைக் கிணற்றடியில் வீசினாள். என் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவனும் வந்திருந்த பிள்ளைகளும் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கி நக்கித் தீர்த்தார்கள்.

மறுநாளிலிருந்து அம்மா அடுப்படியில் நின்றாள். தாடையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். அத்தனை பேருக்கும் சோறு வடிக்க உள்ளே இருந்த ஸ்டவ் போதாது என்று பின்பக்கம் கல் கூட்டி அடுப்பு வைத்திருந்தார்கள். மழை ஈரத்தில் விறகு பற்றாது. அம்மா குனிந்து ஊதுகுழலில் ஊதுவாள். ஒவ்வொரு தடவை ஊதியதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு எல்லாம் காரமும் சூடுமாக இருக்கும். அவளால் விழுங்க முடியவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் உடம்புக்குச் சூடு என்று அத்தை சொன்னதால், மாத்திரை கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே கிடந்தது.

வாய் வலியில் அம்மா பேசுவதை நிறுத்தினாள். கலகலவென்று இருந்தவள் பேசாமல் போனதும் வந்தவர்களுக்கு அதற்குக் காரணம் தானாகக் கிடைத்துவிட்டது.

"மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருக்கா பாத்தியா?"

"நாம வந்தது புடிக்கல போல."

தூக்கி வைத்துக்கொண்டது உண்மைதான். முகத்தின் ஒரு பக்கம் தானாகவே தூக்கிக்கொண்டிருந்தது. பேச்சு அப்பாவின் காதுக்கும் போனது. அவர் டூட்டியிலிருந்து வந்து, கால்கூட கழுவாமல் அம்மாவிடம் போனார்.

"நாலு நாள்தான? அக்கா மனசு கோணாம, பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கக் கூடாதா?"

அம்மா அவரையே பார்த்தாள். எதைக் கடிக்கச் சொல்கிறோம் என்று அப்பாவுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

தீபத்தன்று காலை அம்மாவுக்குக் குரல் மாறியிருந்தது. வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே கழுத்து வரை கல் மாதிரி இறுகியிருந்தது. வாய் திறக்கவில்லை. எச்சிலை முழுங்க முடியாமல் துண்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டில் ஒருத்தருக்கும் பார்க்க நேரமில்லை. அகல் கழுவுவதும் திரி திரிப்பதும் பொரிக்கு வெல்லப்பாகு காய்ச்சுவதுமாக இருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அம்மா கிணற்றடியிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். முகம் கழுவினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் இறங்கி நடந்தாள். மூச்சு விடும்போது அவளுக்குள் ஏதோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா கெளம்பிட்ட? வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுப் பொம்பள எறங்கலாமா?" அத்தை வாசலுக்கு ஓடி வந்தாள். பின்னால் எல்லோரும் வந்து நின்றார்கள். அம்மா திரும்பவில்லை.

சந்து முனையில் அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார், சட்டையில் குத்திய டூட்டி பேட்ஜோடு. குளித்துவிட்டுத் திரும்பப் போக வந்திருந்தார்.

"தம்பி! கோவிச்சிகினு எறங்கிட்டாடா உம் பொண்டாட்டி!" என்று அத்தை வாசலிலிருந்து கத்தினாள்.

அப்பா சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். "நல்ல நாள் அதுவுமா மானத்த வாங்காத. உள்ள வா" என்று அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

"என்ன இப்பிடிக் கொதிக்குது?"

அம்மா துண்டை அவிழ்த்தாள். உதட்டை விரலால் ஒதுக்கிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். அந்த நாற்றம் எனக்கே அடித்தது. அப்பாவின் முகத்தில் இருந்த கோபம் போய், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் ஆனது.

பஸ், ஆட்டோ எதுவும் கிடையாது. தீபத்தன்று செங்கம் ரோடு முழுக்க மனிதர்கள்தான். அப்பா அம்மாவைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளினார். நான் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி ஊருக்குள்ளே. மலை சுற்றுகிற கூட்டம் ஊரிலிருந்து எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் எதிரே நாங்கள் மூன்று பேர்.

"எதுர்ல வராதீங்கப்பா!"

"சாமி சுத்துற பாதையில சைக்கிள இஸ்துகினு வராம் பாரு."

"உடம்பு சரியில்லைங்க, கொஞ்சம் வழி விடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்." அப்பா எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் பாதி தூரம்கூடப் போகவில்லை, பொழுது இறங்கிவிட்டது. திடீரென்று கூட்டம் நின்றது. எல்லோரும் மலையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். நிற்கிற இடத்தில் கால் மாற்ற இடமில்லை.

உச்சியில் ஒரு பொட்டு தெரிந்தது. பிறகு அது நெருப்பானது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

அந்தச் சத்தத்தில் அம்மாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்காமல் போனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் முதுகில் காதை வைத்தேன். அப்போது சைக்கிள் சாய்ந்தது. அப்பா கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒரு காலைத் தரையில் ஊன்றி, என் தோளைப் பிடித்துச் சமாளித்தாள். நான் முழு பலத்தையும் போட்டுச் சைக்கிளைத் தாங்கினேன்.

அந்தக் கைகளை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை. இப்போது என் மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வரத் தாமதமானால் என் கையும் அப்படித்தான் போகிறது. கும்பிடுகிற நேரத்தில் அப்பாவிடம் பக்தி இருந்ததா, வேறு வழி இல்லாமல் போனதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கூட்டம் அசைந்ததும் ஒரு சுகாதாரத் துறை ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. அப்பா ஓடிப்போய்ச் சட்டையிலிருந்த பேட்ஜைப் பிய்த்துக் கண்ணாடிக்கு முன்னால் காட்டினார். என்ன சொன்னாரோ, அவர்கள் இறங்கி அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். ஜீப்பில் எனக்கு இடமில்லை. "வீட்டுக்குப் போ பாப்பா, நேராப் போ" என்று கத்திவிட்டு அப்பா போய்விட்டார்.

நானும் சைக்கிளும் ரோட்டில் நின்றோம். திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தேன். கூட்டம் போகிற பக்கம்தான் வீடு. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு அம்மாள் என் கையில் பொரி உருண்டை கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் வரிசையாக விளக்கு வைத்திருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டதும் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் துப்பத்தான சொன்னேன்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் முடியாது என்று அம்மாவை அன்றைக்கே வேலூருக்குக் கொண்டுபோனார்கள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். மூச்சுக்காகத் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தே பயனில்லை என்றார்களாம். மற்றவர்கள் எல்லாம் ஊர் திரும்ப, அத்தை மட்டும் எங்களுக்காகத் தங்கினாள். சமைத்தாள், தம்பியைக் குளிப்பாட்டினாள், எனக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டாள். ராத்திரி தானாக எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று தம்பி சொல்வான்.

பொங்கல் சமயத்தில் அம்மா வந்தாள். கழுத்தில் கட்டு. கன்னம் ஒட்டி, காது பெரிசாகத் தெரிந்தது. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. தம்பி குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை அப்பா தேடி எடுத்தார். அதன் மூக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து ஈறைத் துடைத்துவிடுவார். ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைக் கூட்டி வாயைத் திறக்கப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூட வாசலில் குச்சி பொறுக்கி வருவேன், அப்பா வெந்நீரில் கொதிக்கவைத்து எடுப்பார். குச்சி நுழையும்போது அம்மாவின் கண்ணில் தண்ணீர் வழியும். அப்பாவின் கண்ணிலும் வழியும். அந்தப் பாலாடை பிறகு வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "வெளக்கு வைக்கிற நேரத்துல கோவிச்சிகினு எறங்கினா. ஆனா அண்ணாமலையார் கைவுடல, ஜீப்ப அனுப்பி வச்சாரு." அம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் தானாக இறங்கி நடந்ததால்தான் பிழைத்தாள் என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

ஒரு நாள் அத்தைதான் அதைத் தொட்டாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "நான் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். நீயாவது துப்ப மாட்டேன்னு கண்டிசனா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் அத்தை ஊருக்குப் போனாள்.

அடுத்த கார்த்திகைக்குள் அம்மா பேசப் பழகியிருந்தாள், கரகரப்பாக. வாய் பாதிதான் திறக்கும். சிரிப்பு வந்தால் கையால் மூடிக்கொள்வாள். கொடியேறியதும் அப்பாவிடம், "இந்த வருசம் யாரும் வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

"அக்காகிட்ட எப்பிடிச் சொல்றது? நானே எல்லாத்தையும் பாத்துக்கறேன். நீ அடுப்புகிட்டயே வர வேணாம்."

அம்மா மறுபடி கேட்கவில்லை. அந்த வருஷம் அத்தை தீபத்துக்கு முந்தின நாள்தான் வருவதாக இருந்தது. அன்றைக்கு அப்பா டூட்டிக்குப் போன பிறகு, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். அங்கே அவள் அண்ணன் வீடு. பஸ்ஸில் எங்களைத் தவிர யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. எதிரே வந்த பஸ்கள் எல்லாம் கூரை வரை ஆட்கள்.

மறுநாள் சாயங்காலம் மாமா வீட்டு மாடியில் எல்லோரும் ஏறி நின்றோம். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. உச்சியில் நெருப்பு தெரிந்ததும் எல்லோரும் அரோகரா போட்டார்கள். அம்மா கைப்பிடிச் சுவருக்குக் கீழே மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தம்பிக்குப் பொரி பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தீபம் பாக்கலியா?" என்று மாமி கேட்டாள்.

"போன வருசமே பாத்துட்டேன்" என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போன அன்றைக்கே அத்தை ஆட்களோடு வந்து, பூட்டைப் பார்த்து, வெகுநேரம் வாசலில் நின்றிருக்கிறாள். அப்பாவிடம் மாற்றுச்சாவி இல்லை. பூட்டை உடைக்கலாம் என்று கூட வந்தவர்கள் சொன்னபோது அத்தைதான் வேண்டாம் என்றாளாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு கோவில் பக்கம் போய்த் தங்கிவிட்டு, அப்படியே ஊருக்குப் போய்விட்டாள். அப்பா துணி சுற்றிய ஒரு டப்பாவை அம்மாவிடம் நீட்டினார்.

"உனக்குன்னு குடுத்துட்டுப் போனாங்க."

அம்மா கதவைத் திறந்து, முகம் கழுவி, சோறு வைத்தாள். குழைய வடித்த சோற்றில் அந்த டப்பாவிலிருந்து ஒரு கரண்டி போட்டு, நெய் விட்டுப் பிசைந்தாள். பருப்புப் பொடி. மாவு மாதிரி நைசாக, துணியில் சலித்து எடுத்திருந்தாள் அத்தை. வேறு வீட்டில் அவ்வளவு நைசான பொடியை நான் பார்த்ததில்லை.

அம்மா ஒரு சின்ன உருண்டையை உதட்டிடுக்கில் தள்ளி, மெல்ல மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

"மொளகாயே போடல, பாத்தியா" என்றாள் என்னிடம்.

அன்றைக்கு அவள் முழுச் சோற்றையும் சாப்பிட்டாள். டப்பா காலியானதும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவும் வரச் சொல்லி அனுப்பவில்லை.